ஓலா போலா: விமர்சனங்களில் காணாமல் போன கோல் கீப்பர்

செந்தூல்காரன்:

மெர்டேக்கா மாதம், அதாவது நம் சுதந்திர மாதம் வந்தால் ஏதாவது ஓர் அலைவரிசையில் மலேசியக் காற்பந்துப் படமான ஓலா போலா ஓடும். இந்த முறையும் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். பார்த்த கையோடு, படம் வந்தபோது எழுதப்பட்ட விமர்சனங்களைத் தேடி எடுத்து வாசித்தேன். 2016 ஜனவரி 28இல் வெளியான படம். தைப்பூசம் முடிந்து நாலே நாள்.

என் கண்ணில் பட்டவரை எல்லாம் ஒரே பாட்டுத்தான். ஒற்றுமை, ஒற்றுமை, ஒற்றுமை. படம் பிடித்தவர்கள் அதற்காகவே பிடித்தது என்றார்கள். பிடிக்காதவர்கள் அதுதான் திகட்டுகிறது என்றார்கள். கொஞ்சம் பேர் வசனம் செயற்கை, கண்ணீர் அதிகம் என்று குறைப்பட்டார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவர்கூடக் கோல் கம்பத்துக்கு நடுவே நின்றவனைப் பற்றி நாலு வரி எழுதவில்லை.

1980 ஏப்ரல் 6, மெர்டேக்கா அரங்கம். தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். அந்த அணியின் கோல் கீப்பர் ஆர். ஆறுமுகம். படத்தில் அவர் இடத்தில் நிற்பவன் முத்து குமார், சரண் குமார் நடித்தது. இயக்குநர் சியூ கெங் குவான் எல்லாருக்குமே கற்பனைப் பெயர்தான் வைத்தார். அணித்தலைவர் சோ சின் ஆன் இடத்தில் தௌக்கே என்று ஒரு பாத்திரம். அதில் எனக்கு வருத்தமில்லை. பெயரை மாற்றினால் கதாசிரியனுக்குக் கை அவிழ்கிறது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், பாத்திரத்தை எவ்வளவு ஆழத்துக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

தௌக்கேவுக்கு அது நடந்திருக்கிறது. கோபம், வீம்பு, வீட்டுக் கஷ்டம் எல்லாம் அவனுக்கு உண்டு. முத்துவுக்குக் கிடைத்தது என்ன? வீட்டில் கொஞ்சம் சிரிப்பு, அப்பாவோடு கொஞ்சம் முறைப்பு, திடலில் நாலைந்து பாய்ச்சல். கை அவிழ்ந்த சுதந்திரத்தை நம் ஆளுக்குச் செலவழிக்க மனசு வரவில்லையா? விமர்சகர்கள் ஏன் இதைக் கேட்கவில்லை? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சும்மா வந்தவன்:

அந்த ஸ்லோமோஷன் இருக்கே பாஸ், மாமாக் கடை தே தாரேக் டீ மாதிரி. இழுக்க இழுக்க நுரைதான்.

பட்டர்வொர்த் பையன்:

செந்தூல் அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். நான் இந்தப் படத்தைப் பிறையில் ஒரு திரையரங்கில் பார்த்தேன். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் கலந்து உட்கார்ந்திருந்த கூட்டம். முத்துவின் வீட்டில் தமிழ் பேசும்போது யாரும் கேலியாகச் சிரிக்கவில்லை. திரைக்கு அடியில் வரும் வாசகத்தைப் படித்துவிட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் எங்களோடு சேர்ந்து சிரித்தார்கள். அதுவரைக்கும் இந்த நாட்டுப் பெரிய பட்ஜெட் படங்களில் நம் பாத்திரம் என்றால் பெரும்பாலும் தலையாட்டிப் பேசுகிற கோமாளி. அந்தக் கணக்கில் இது பெரிய விஷயம். வசூலும் 15 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. அத்தனை பேர் காசு கொடுத்துப் பார்த்த படத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இயல்பாக வந்து போகிறது.

இன்னொன்று. நிஜப் பெயர் வைத்திருந்தால் மட்டும் நன்றாக வந்திருக்குமா? 2018இல் பூப்பந்து வீரர் லீ சோங் வெய் படம் வந்ததே, எங்கள் புக்கிட் மெர்தாஜாம் பையன் கதை. அவருடைய சுயசரிதையை வைத்து எடுத்தார்கள். பயிற்சியாளர் மிஸ்புன் சிடெக் உட்பட எல்லாரும் நிஜப் பெயரில். விளைவு? எல்லாரும் நல்லவர்கள். சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், நாளைக்கு எங்காவது முகத்தில் விழிக்க வேண்டும். யாரைக் குறை சொல்வது? 2006 மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டியில், கூச்சிங்கில், லின் டானுக்கு எதிராக 13-20 என்று பின்தங்கி 23-21 என்று ஜெயித்த அந்த மூன்றாவது செட் இருக்கிறதே, அதை யார் எடுத்தாலும் மயிர்க்கூச்செறியும். அதற்கு முன்னால் வருகிற வீட்டுக் காட்சிகளில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

கிள்ளான் கீப்பர்:

வயது அறுபதைத் தாண்டியாச்சு. இளவட்டத்தில் கிள்ளான் பக்கம் தோட்ட அணிகளுக்குக் கோல் கீப்பராக நின்றவன் என்ற உரிமையில் கொஞ்சம் பேசுகிறேன்.

படத்தில் முத்து பாய்கிறான், பாய்கிறான், பாய்ந்துகொண்டே இருக்கிறான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கீப்பர் அடிக்கடி பாய வேண்டியிருந்தால் அவன் நிற்கிற இடம் சரியில்லை என்று அர்த்தம். எதிராளி பந்தோடு பக்கவாட்டில் நுழைகிறான் என்று வையுங்கள். கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் அவனுக்கு முழுக் கோலும் திறந்து கிடக்கும். ரெண்டு எட்டு முன்னால் வரணும். வந்ததும் அவன் கண்ணுக்குக் கோல் சுருங்கிவிடும். கிட்டத்துக் கம்பத்தை உடம்பால் அடைத்துவிட்டு, தூரத்துக் கம்பத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் வழி விட்டு வைக்கணும். அவன் அங்கேதான் அடிப்பான். நாம் காத்திருந்த இடத்துக்கே பந்து வரும். அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றால், பார்க்கிறவனுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். கைதட்டல்கூடக் கிடைக்காது.

கார்னர், அதாவது மூலை உதை, இன்னும் மோசம். முன்னால் ஏழெட்டு முதுகு, விலாவில் யாருடைய முழங்கையோ, காலை மிதிக்கிறவன் ஒருத்தன். பந்து கிளம்பியதும் வெளியே வருவதா வேண்டாமா என்று அரை நொடியில் முடிவு பண்ணணும். பாதி தூரம் வந்து தயங்கினவன் கதை முடிந்தது. அந்தக் காலத் தோல் பந்து மழையில் தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடக்கும். இப்போதைய பசைக் கையுறை எங்களுக்கு ஏது? பாதிப் பேர் வெறுங்கை, மிச்சப் பேர் நூல் கையுறை. ஈரப் பந்தைக் குத்தி வெளியே அனுப்பினால் விரல் முட்டியெல்லாம் விண்ணென்று தெறிக்கும்.

ஆறுமுகத்தைச் சிலாங்கூர் ஆட்டங்களில் கோலுக்குப் பின்புறத் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறேன். ஸ்பைடர்மேன் என்று சும்மா பேர் வைக்கவில்லை. அந்த நீளக் கை அத்தனை தலைக்கும் மேலே போய்ப் பந்தை எடுக்கும். ஆட்டம் முழுக்க வாய் ஓயாது. தடுப்பாட்டக்காரனை இடது பக்கம் போ, ஏறு, விடு என்று சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார். படத்து முத்துவிடம் எனக்குக் குறையாகப் பட்டது அதுதான். முன்னால் நிற்கிறவர்களை அதட்டாத கீப்பர் எந்த ஊரில் இருக்கிறான்?

கேமரா கண்ணு:

அண்ணே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் அணியில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பினேன். நான் தொலைக்காட்சித் தயாரிப்பில் வேலை செய்பவள். இந்தப் படத்தில் வேலை செய்யவில்லை, அதனால் பொதுவாகத் தொழில் எப்படி நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன 'ரெண்டு எட்டு முன்னால்' திரையில் புரிய வேண்டுமென்றால், அடிக்கிறவன், கீப்பர், கோல் மூன்றும் ஒரே ஷாட்டில் இருக்கணும். அப்படி அகலமாக வைத்தால் பின்னால் பார்வையாளர் மாடம் முழுக்கத் தெரியும். 1980ஆம் வருஷத்து அரங்கம், நிறைந்த கூட்டம், அந்தக் காலத்துக் காலர் சட்டை, முடி, கொடி. துணை நடிகர்கள் சில நூறு பேர்தான் இருப்பார்கள். ஒரு மூலையில் உட்கார வைத்து எடுப்போம், எழுப்பி அடுத்த மூலையில் உட்கார வைத்து எடுப்போம், மேல் சட்டையை மாற்றச் சொல்லி மறுபடி எடுப்போம். அப்புறம் கணினியில் ஒட்ட வேண்டும். அதற்குள் வெயில் நகர்ந்து புல்லில் நிழல் மாறிவிடும். ஒரே ஒரு ஷாட்டுக்கு அரை நாள் காலி.

பாய்ச்சலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கேமராவைத் தரையில் வைத்து மேலே பார்க்க விட்டால் பின்னணியில் வானம்தான். பந்தைப் பக்கத்தில் இருந்து ஒருவர் கையாலேயே வீசலாம். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். விளையாட்டுப் படங்களில் கீப்பர்கள் பறந்துகொண்டே இருப்பதற்குப் பாதிக் காரணம் காசு. தௌக்கேவின் மனப் போராட்டத்தை முகத்தருகில் கேமரா வைத்து எடுத்துவிடலாம். கீப்பரின் புத்திசாலித்தனத்தை அப்படி எடுக்க முடியாது. அது தூரத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் பிரோன்ட் பலாரே நடித்த வருணனையாளர் பாத்திரத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்று நமக்குப் புரியாத இடத்திலெல்லாம் அந்தக் குரல்தான் தூக்கி நிறுத்துகிறது. அதைச் சிலாகிக்காத விமர்சனம் என் கண்ணில் பட்டால் வாசிப்பதை நிறுத்திவிடுவேன்.

செந்தூல்காரன்:

//கீப்பரின் புத்திசாலித்தனத்தை அப்படி எடுக்க முடியாது//

நல்ல விளக்கம் தங்கச்சி. ஆனால் காசில்லாத இடத்தில் வசனம் இருக்கிறதே. அண்ணன் சொன்ன மாதிரி முன்னால் நிற்கிறவர்களை அவன் அதட்டுகிற ஒரு காட்சிக்கு என்ன செலவாகிவிடப் போகிறது? அணித்தலைவனையே ஒரு தமிழ்ப் பையன் திடலில் சத்தம் போட்டு நகர வைக்கிறான் என்று காட்டியிருந்தால், விமர்சகர்கள் வாய் வலிக்கப் பேசிய ஒற்றுமை அந்த ஒரு நொடியில் தானாகத் தெரிந்திருக்கும். சேர்ந்து சாப்பிடுகிற காட்சியும் சேர்ந்து பாடுகிற காட்சியும் எனக்கு அதைத் தரவில்லை.

டீச்சரம்மா:

வணக்கம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆறாம் ஆண்டுத் தேர்வெல்லாம் முடிந்து பிள்ளைகள் சும்மா இருக்கும் நாள்களில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவதுண்டு. நீங்கள் எல்லாரும் குறை சொல்லும் பாய்ச்சல் காட்சிகளில்தான் என் வகுப்பே எழுந்து நிற்கும். அடுத்த உடற்கல்வி வேளையில் பையன்கள், ஏன், பெண் பிள்ளைகளும், கோல் கம்பத்துக்கு அடித்துக்கொள்வார்கள். வழக்கமாக அந்த இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். ஓட முடியாத குண்டுப் பையனைத் தள்ளிவிடுவார்கள். ஒரு படம் அதை மாற்றியது என்றால் எனக்கு அது போதும், விமர்சனத்தில் எத்தனை நட்சத்திரம் கொடுத்தால் என்ன!

ஆனால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "டீச்சர், முத்து நெசமாவே இருந்தாரா?" இல்லை, ஆறுமுகம் என்று ஒருவர் இருந்தார் என்று சொல்வேன். நாட்டுக்காக நூறு ஆட்டங்களுக்கும் மேல் நின்றவர் என்பேன். இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்பார்கள். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்துவிட்டார், வயது 35 என்று சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். "அப்புறம் ஏன் டீச்சர் அவரு பேரையே வைக்கல?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. படம் முடிகிற இடத்திலாவது நிஜ ஆட்டக்காரர்களைப் பற்றி நின்று நிதானமாகச் சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தை நான் எடுக்க வேண்டியிருக்காது.

சும்மா வந்தவன்:

டீச்சர் சொன்னது சரி. ஆனால் ஒற்றுமைப் படம் ஒற்றுமைப் படம் என்று மெச்சினார்களே, விருது என்று வந்ததும் என்ன செய்தார்கள்? அந்தக் கூத்தை யாராவது இளசுகளுக்குச் சொல்லுங்கப்பா.

பட்டர்வொர்த் பையன்:

நான் சொல்கிறேன். அதே 2016, 28ஆவது மலேசியத் திரைப்பட விழா. சிறந்த படத்துக்கான போட்டியில் இருக்க வேண்டுமென்றால் வசனத்தில் 70 விழுக்காடு மலாய் இருக்கணும் என்று விதி. ஓலா போலாவில் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் எல்லாம் கலந்து வருவதால் அது தேசிய மொழி அல்லாத படங்களின் பிரிவுக்குப் போனது. நம் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ஜகாட்டும் அங்கேதான். இந்த நாட்டு மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே பேசியதுதான் குற்றம்.

எதிர்ப்பு கிளம்பியது. மலாய்த் திரைத்துறைக்காரர்களே முன்னால் நின்றார்கள், அதை மறக்கக் கூடாது. ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தான் வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் பிரிவுகளை மாற்றி, மொழி வேறுபாடு இல்லாமல் சிறந்த மலேசியப் படம் என்று ஒரு விருதை வைத்தார்கள். அதை ஜகாட் வாங்கியது. பெரும்பாலும் தமிழ் பேசும் படம், தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்ட குடும்பத்தில் ஒரு சிறுவன் கதை, ஒற்றுமை பற்றி ஒரு வசனம் கிடையாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஓலா போலாவை விமர்சகர்கள் எதற்காகத் தூக்கி வைத்தார்களோ, அதற்காகவே விழாவில் அதை ஓரம் கட்டினார்கள். நான் மேலே படத்துக்காக வாதாடியதை இதனால் மாற்றிக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனக்குப் படத்தின்மேல் மதிப்பு கூடத்தான் செய்தது.

கிள்ளான் கீப்பர்:

விருதுச் சங்கதி எனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டேன் தம்பி. எனக்கு உறுத்துவது வேறொன்று.

படத்தின் உச்சம் கொரியா ஆட்டம். ஜேம்ஸ் வோங் அடித்த வெற்றிக் கோல், சாபாக்காரர்கள் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது. அதற்குப் பிறகு நடந்ததுதானே இந்தக் கதையின் வலி? 1979 கடைசியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது, அமெரிக்கா புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தது, நாமும் சேர்ந்துகொண்டோம். மெர்டேக்கா அரங்கத்தில் ஜெயித்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க, நம் இடத்தில் ஈராக் மாஸ்கோவுக்குப் போனது. 1972 மியூனிக்கில் நம் அணி ஆடியது, அமெரிக்காவை 3-0 என்று அடித்துவிட்டுக்கூட வந்தது. 1980 அணி அதைவிடப் பலமானது என்று அன்றைக்குத் திண்ணைக்குத் திண்ணை பேச்சு. அதற்குப் பிறகு இன்றுவரை ஒலிம்பிக் காற்பந்துக்கு நாம் தகுதி பெறவே இல்லை.

ஒரு ஆட்டக்காரனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? அரைத் தொழில்முறை லீக்கே 1989இல்தான் வந்தது. அதுவரைக்கும் எல்லாரும் எங்காவது வேலை பார்த்துக்கொண்டே விளையாடியவர்கள். ஞாயிற்றுக்கிழமை நாடே தூக்கிக் கொண்டாடியது, அடுத்தடுத்த வாரங்களில் வேலைக்குத் திரும்பிப் போயிருப்பார்கள், கொஞ்ச நாளில் மாஸ்கோ இல்லை என்று ஆகிவிட்டது. படம் அந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறது. வெற்றியோடு மக்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற அவசரம். உற்சாகமூட்டும் படம் என்றால் கசப்பைக் காட்டக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? விமர்சகர்கள் அழுகை அதிகம் என்றார்களாம். அழ வேண்டிய இடத்தில் அழவில்லையே என்பதுதான் என் புகார்.

கேமரா கண்ணு:

இந்தியாவில் 2024இல் வந்த மைதான் பார்த்தீர்களா அண்ணே? பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் கதை, அஜய் தேவ்கன் நடித்தது. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி இறுதியாட்டம், அங்கேயும் தென் கொரியா, அங்கேயும் 2-1! கீப்பர் பீட்டர் தங்கராஜ் நிஜப் பெயரிலேயே வருகிறார். காய்ச்சலில் கிடந்தவர் இறுதியாட்டத்துக்கு எழுந்து வந்து நின்றது நிஜத்தில் நடந்தது. ஆட்டக் காட்சிகளில் நான் ஏங்குகிற அகல ஷாட்டுகள் நிறைய உண்டு. விமர்சகர்கள் நன்றாகத்தான் எழுதினார்கள், வசூல் மட்டும் கை கொடுக்கவில்லை. ஆனால் அதில் வரும் பத்திரிகைக்காரரும் சங்கத்து ஆள்களும் ஒரேயடியாக வில்லன்கள். நிஜப் பெயர் இல்லாத பாத்திரங்கள் தலையில் எல்லாப் பழியையும் போட்டுவிட்டார்கள்.

பட்டர்வொர்த் பையன்:

பார்த்தீர்களா, நான் சொன்னேனே! நிஜப் பெயர் வைத்தால் நல்லவன், கற்பனைப் பெயர் என்றால் வில்லன் அல்லது கோமாளி.

செந்தூல்காரன்:

தம்பி, அதே கணக்கில் என் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓலா போலாவில் எல்லாருக்குமே கற்பனைப் பெயர்தான். இருந்தும் ஒருவன் நாயகன், இன்னொருவன் துணைக்கு. பெயர் மட்டும் காரணமில்லை, எழுத உட்கார்ந்தவர்களுக்கு யார் வீட்டை உள்ளே போய்ப் பார்த்துப் பழக்கம் என்பதும் இருக்கிறது. அதற்காக இயக்குநரைத் திட்ட நான் வரவில்லை. தௌக்கே வீட்டை அவர் நன்றாக எழுதினார். முத்து வீட்டை எழுத வேண்டியவர்கள் நாம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 நொடியில் ஓடினார், அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. எம். ராஜமணி 1966 ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தங்கம். ஜி. சரவணன் 1998 கோலாலம்பூர் காமன்வெல்த்தில் 50 கிலோமீட்டர் நடை, தங்கம். யாராவது ஒருவர் மேல் ஒரு திரைக்கதை?

சும்மா வந்தவன்:

50 கிலோமீட்டர் நடையைப் படமா எடுத்தால் ஸ்லோமோஷனே வேண்டாம் பாஸ்.

(சும்மா சொன்னேன். சரவணன் அரங்கத்துக்குள் நுழைந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து எங்கள் வீட்டில் அப்பா அழுதார்.)

டீச்சரம்மா:

எல்லாரும் இருக்கும்போதே ஓர் உதவி கேட்டுக்கொள்கிறேன். இந்த வருஷம் படம் காட்டும்போது ஆறுமுகத்தின் உண்மைப் படத்தோடு அன்றைய பத்திரிகைச் செய்தியையும் சுவரில் ஒட்ட ஆசை. இணையத்தில் கிடைப்பது எல்லாம் மங்கலாக இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகையில் வந்ததாக இருந்தால் பிள்ளைகளே வாசிப்பார்கள். எங்கே கிடைக்கும்?

கிள்ளான் கீப்பர்:

டீச்சர், ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பழைய பத்திரிகைகளை நுண்படச் சுருளில் வைத்திருப்பார்கள். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, அதனால் 1980 ஏப்ரல் 7, 8 ரெண்டு நாளும் வேண்டும் என்று கேளுங்கள். தமிழ் நேசனில் தொடங்கலாம்.

கேமரா கண்ணு:

டீச்சர், நூலகத்தில் நகல் எடுத்தால் கறுப்பாக வரும், பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாது. எடுத்ததை எனக்கு அனுப்புங்கள், சுத்தம் செய்து பெரிதாக்கித் தருகிறேன். கீப்பர் அண்ணே, நீங்களும் அந்தக் கார்னர் சமாச்சாரத்தைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டலாம்.

கிள்ளான் கீப்பர்:

எழுதித் தருகிறேன். கூப்பிட்டால் திடலுக்கே வந்து காட்டியும் தருகிறேன், முழங்கால் ஒத்துழைக்கிறவரைக்கும். பந்து மட்டும் புதுப் பந்தாக இருக்கட்டும் டீச்சர்.